ஆளில்லாத ஸ்டாப்

இறந்துபோனவரைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். கடும் உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர், எப்போதும் சிரித்த முகம், ஈடுசெய்ய முடியாத இழப்பு. பேரை மட்டும் மாற்றி அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதையே படிக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தாத்தா இந்த மாதிரிப் பேச்சை எண்பத்தொன்பது வயதுவரை நிறையவே கேட்டுவிட்டார். அதனால் முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதி, தன் பழைய டிரைவர் லைசென்ஸுக்குள் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நினைவுக் கூட்டத்தில் என்னைப் பற்றி ஜட்ஜம்மா மட்டும் பேசட்டும். ஐந்து நிமிடம். மற்றவர்கள் பேசினால் நான் ரொம்ப நல்லவனாகிவிடுவேன்."

ஜட்ஜம்மா என்பது அவருடைய பேத்தி. கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, வயது முப்பத்தேழு. ஐந்து வயதில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "கடவுள் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்கார்னா அவர் எப்ப தூங்குவார்?" என்று கேட்டு, பதில் வரும்வரை ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். தாத்தா அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார். அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு அவள் சாப்பிட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பேர்.

சீட்டை அவளுடைய அப்பா மூன்று தடவை படித்தார். அப்பா பிரார்த்தனை மண்டபத்தின் செயலாளர், இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பதவியில் இருக்கிறார். நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். நினைவுக் கூட்டத்துக்கு அவர் ஆறு பேரைப் பேச ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு" என்றார் மகளிடம். "அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். எழுதி வச்சுப் படி. தாத்தாவோட நம்பிக்கையைப் பத்தி ரெண்டு வரி கண்டிப்பா வரணும்."

"சரிப்பா" என்றாள் அவள்.

பேசுவதில் அவளுக்குப் பயம் கிடையாது. ஒரு நாளைக்கு அறுபது பேரைச் சட்டையைக் கழற்றவும் மூச்சைப் பிடிக்கவும் சொல்கிறவளுக்கு மேடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ரெண்டு வரிதான் இடித்தது. தாத்தாவின் நம்பிக்கையைப் பற்றி உண்மையாகப் பேச வேண்டுமென்றால், இருபது வருஷமாக அவளும் தாத்தாவும் மட்டும் மூடி வைத்திருந்த ஒரு விஷயத்தைத் திறந்தாக வேண்டும்.

அதற்கு முதலில் தாத்தாவின் பட்டியலைச் சொல்ல வேண்டும்.

தாத்தா முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினார். ராத்திரி முழுக்க டிப்போவில் நின்ற பஸ்ஸில் காலையில் காற்று இருக்காது. இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்குக்கான காற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டும். முள் மெதுவாக நகரும், ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும். பொறுமை இல்லாத டிரைவர்கள் முள் பாதி ஏறியதுமே வண்டியை எடுத்துவிடுவார்கள், போகப் போக ஏறிக்கொள்ளும் என்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு காலையில் தாத்தாவும் அப்படித்தான் எடுத்தார். சந்தையைத் தாண்டி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பிடிக்கவே இல்லை. உள்ளே முப்பது பேர். கீழே நாலு தெரு சேரும் இடம். யாரோ வீடு கட்டுவதற்காக ஓரத்தில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். பஸ்ஸை அதற்குள் கொண்டுபோய்ச் சொருகினார். ஒரு கூடை முட்டையைத் தவிர யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பிரேக் பழுது என்று எழுதிக்கொடுத்திருந்தால் டிப்போவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தாத்தா போய், "காத்து ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன், தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு, தண்டனையாக இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தார். அந்தக் காலத்து மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

திரும்பி வேலைக்குப் போன நாளிலிருந்து, காற்று ஏறும் நேரம் முழுவதும் சீட்டை விட்டு அசைய மாட்டார். சும்மா முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பதால் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்தார். வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கு ரெண்டு வரி. குடும்பம் பெருகியபோதும் காற்று ஏறும் நேரம் பெருகவில்லை. அதனால் வரிகள் சுருங்கின, சுருங்கச் சுருங்கக் காரம் ஏறியது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறரை மணிக்கு, மேஜையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டே ஆரம்பித்துவிட்டார். கையில் ஸ்டியரிங் இல்லையே தவிர மற்றதெல்லாம் அப்படியே. அன்றுதான் குடும்பத்தார் தங்களைப் பற்றி மேலிடத்துக்கு இத்தனை வருஷம் என்னவெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

பின்னாளில் பட்டியல் இப்படி நின்றது. முதலில் மனைவி, காலமாகிவிட்டவர். "அவ உங்ககிட்டதான் இருக்கா ஆண்டவரே. பேச்சு குறைஞ்சிருந்தா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், உடனே கவனிங்க."

அடுத்து மகன். "மூத்தவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு குடுங்க. புதுசா வேணாம், யாராவது மிச்சம் வச்சது இருந்தாக்கூட போதும்."

மருமகள். "கால் வலிக்குதுன்னு வாயால சொல்ல மாட்டா. பாத்திரத்தை வைக்கிற சத்தத்துல சொல்லுவா. நேத்து ரெண்டு தட்டு சொல்லிச்சு."

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள். "போன்ல பேசிக்கிட்டே இருக்கா. ரிசீவரை மேஜை மேல வச்சுட்டு உங்ககிட்ட வந்திருக்கேன். அவ கவனிக்க மாட்டா."

பேரன். ஆறடி உயரத்துக்கு வளர்ந்தும் வீட்டில் அவனுக்குக் குட்டி என்றுதான் பேர். "குட்டி பைக்கை மெதுவா ஓட்டணும். இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்லிக் கேக்கல. நீங்க எதையும் ஓட்டினதில்ல, இருந்தாலும் சொல்லிப் பாருங்க."

வீட்டில் கடைசி ஆள் பேத்தி. "ஜட்ஜம்மா உங்களை சில கேள்வி கேப்பா. பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. சமாளிக்காதீங்க, அவளுக்குப் பிடிக்காது."

எல்லாரும் முடிந்ததும், குடும்பத்தில் இல்லாத ஒருவர். "அந்த மணலைக் கொட்டினவர். யாருன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நல்லா இருக்கட்டும்."

பிறகு, மற்றவர்கள் வேறு எதையோ சொல்லி முடிக்கும் இடத்தில் தாத்தா, "காத்து ஏறிடுச்சு, கிளம்புறேன்" என்று சொல்லி டீயை எடுத்துக்கொள்வார். செயலாளரான மகனுக்கு இது எதுவுமே பிடிக்காது. ஆண்டவரிடம் பேசுகிற முறையா இது என்று தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த தலைக்குக் கீழே அவருக்கும் சிரிப்பு வந்ததா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

பதினேழு வயதில் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப் பெஞ்சில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் அதைச் சொன்னாள்.

"தாத்தா, எனக்கு நம்பிக்கை இல்ல."

"வந்துடும். அஞ்சு நிமிஷம் லேட்டு, அவ்வளவுதான்."

"பஸ்ஸைச் சொல்லல தாத்தா."

தாத்தா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா தினம் காலையில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கியா? கஷ்டமாச்சே."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவார் என்று தயாராக வந்திருந்தாள், இதற்குத் தயாராக வரவில்லை. "என்னைப் பத்திச் சொல்லும்போது பொய் சொல்ற மாதிரி இருக்கு. அதுல என்னைச் சேக்காதீங்க தாத்தா. அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

தாத்தாவுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். உயிருக்குயிராக நினைத்த ஒன்றைப் பேத்தி வேண்டாம் என்கிறாள், வலிக்காமல் என்ன செய்யும். ஆனால் அந்த வலியை அவள் மடியில் இறக்கி வைக்கவில்லை.

"சரி, சொல்லல" என்றார். "ஏறமாட்டேங்கிற ஆளைக் கையைப் பிடிச்சு இழுத்துப் போட்டுக்கிட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல. ஆனா ஸ்டாப்ல நிறுத்துவேன். அதை வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது."

அது அவருடைய வேலைப் பழக்கம். வழித்தடத்தில் எந்த ஸ்டாப்பில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பஸ்ஸை நிறுத்தி, கதவு திறந்து மூடும் நேரம் நின்றுவிட்டுத்தான் எடுப்பார். பயணிகள் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் வாய்விட்டே திட்டுவார். அதுவும் நீர்த்தொட்டி ஸ்டாப்பில் மாதத்துக்கு ஒரு ஆள் ஏறினால் அதிசயம். அங்கேயும் நிற்பார்.

"எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டாள் அவள்.

"நாளைக்குப் பாரு" என்றார்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு உட்காரும் முன், மருமகளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். மனைவி, மகன், மருமகள், மகள், குட்டி என்று வரிசையாக வந்து, பேத்தியின் இடம் வந்ததும் நிறுத்தினார். டம்ளரை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், வைத்தார். பிறகு மணலைக் கொட்டினவருக்குப் போனார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். தாத்தாவின் கண் மூடியே இருந்தது.

அன்றிலிருந்து இருபது வருஷம், ஒரு நாள் தவறாமல், அந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர்.

இதில் தாத்தா கணக்கில் எடுக்காத ஒரு ஆள் உண்டு. அம்மா. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள். "மாமா, சின்னவளை விட்டுட்டீங்க."

"விடலம்மா" என்றார் தாத்தா. "தண்ணி குடிச்சேன்."

அம்மாவுக்கு அது கிண்டலாகப் பட்டது. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் பட்டிருக்கும். "பேரனுக்கு மூணு வரி, பேத்திக்கு ஒரு வாய் தண்ணி. பொண்ணுன்னா இளக்காரம்" என்று சமையலறையில் அப்பாவிடம் பொருமினாள். அன்று அவள் மனதில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை. மாமனாருக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, துவைத்து மடித்த சட்டை. ஆனால் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோனது. அவர் ஜோக் அடித்தால் வீடே சிரிக்கும், அம்மா மட்டும் அடுப்பைத் துடைப்பாள். தாத்தாவுக்கு ஏன் என்று தெரியும். ஒரே வார்த்தையில் அந்தப் பழியைத் துடைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் அந்த வார்த்தை பேத்தியுடையது.

பேத்தி ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இருபது வயதில் அப்பாவை நினைத்துப் பயம். இருபத்தைந்தில், இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற நினைப்பு. முப்பதுக்கு மேல் வெட்கம். இதற்குள் அந்தத் தண்ணீர் வீட்டில் பழகிப்போய்விட்டது, அவளுக்கும் சேர்த்துத்தான்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னால் தாத்தாவுக்கு நெஞ்சுச் சளி. அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்து, அவளே படம் எடுத்தாள். பலகையில் மார்பைச் சாய்த்து நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க தாத்தா."

"எவ்வளவு நேரம்?"

"நான் விடச் சொல்ற வரைக்கும்."

"நீ மறந்துட்டா என் கதி?"

படத்தை இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் படத்தில் அவர் சிரித்து அசைந்துவிட்டார். சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிடும்போது மெதுவாகக் கேட்டார். "இன்னும் அப்படியேதானா?"

"அப்படியேதான் தாத்தா."

"பரவாயில்ல. தண்ணி உடம்புக்கு நல்லதுதான்."

"அம்மாகிட்ட சொல்லிடவா? உங்களைத் தப்பா நினைச்சுக்கிட்டே இருக்காங்க."

"நான் இருக்கிற வரைக்கும் வண்டி என் கையில. எறங்கினப்புறம் உன் இஷ்டம்" என்றார். அதற்குப் பத்தாம் நாள் எழுதப்பட்டதுதான் அந்தச் சீட்டு. தேதி போட்டிருந்தார், டிப்போவில் பழகின கை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ரேடியோ பாடிக்கொண்டிருக்க, நாற்காலியிலேயே போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அப்பா முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலை அவர்தான் எடுத்து நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியது. ஜோக் எதுவும் இல்லை. கூட்டக் குறிப்பு வாசிப்பதுபோல ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "எங்கள் மகளையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். அப்பன் செய்த குறையை மகன் சரிசெய்கிற அழுத்தம் அதில் இருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபது வருஷம் கழிச்சு என் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இந்த மேஜையில கேக்குது" என்றாள்.

பேத்தியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அப்பா அன்பில்தான் செய்தார், அம்மா ஆனந்தத்தில்தான் அழுதாள், இரண்டும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியில் தாத்தா குற்றவாளியாகி, தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. அவரால் இனி வாய் திறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் அழகாக ஐந்து நிமிஷம் பேசிவிட்டு இறங்கினால் அந்தத் தீர்ப்பு நிலைத்துவிடும். உண்மையைச் சொன்னால், செயலாளரின் மகளுக்கே நம்பிக்கை இல்லை என்று மண்டபம் முழுக்கத் தெரியும், முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே. முதலில் அப்பாவிடம் தனியாகச் சொல்லிப் பார்க்க நினைத்தாள். சனிக்கிழமை அவர் அறை வாசல்வரை போனாள். அவர் நாற்காலிகளை எத்தனை வரிசை போடுவது என்று தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா?" என்று நிமிராமல் கேட்டார்.

"மனசுல இருக்குப்பா."

"மனசுல இருக்கிறதெல்லாம் மேடையில நிக்காது. எழுது."

அவள் திரும்பி வந்துவிட்டாள். கோழைத்தனம்தான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அவள் ஒரு முடிவு செய்தாள். காற்று ஏறுவதற்கு முன்னால் வண்டியை எடுத்தது தன் தப்பு என்று மேனேஜரிடம் போய்ச் சொன்ன மனிதருக்கு, பாதி உண்மை பேசி அஞ்சலி செலுத்த முடியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. டிப்போ ஆட்கள் ஒரு பக்கம், தெருக்காரர்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் அப்பா, மடியில் குறிப்பேடு, கையில் பேனா. பக்கத்தில் அம்மா. மகள் கையில் தாள் இல்லாமல் மேடையில் போய் நின்றதைப் பார்த்ததும் அப்பாவின் புருவம் ஏறியது.

முதலில் மணல் கதையைச் சொன்னாள். பிறகு பட்டியலிலிருந்து சில வரிகளை எடுத்துச் சொன்னாள். ரிசீவர் வரிக்கு மண்டபம் குலுங்கியது. வெளியூரிலிருந்து வந்திருந்த அத்தை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். குட்டி தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பா எழுதிக்கொண்டே இருந்தார்.

"தாத்தா எல்லா ஸ்டாப்லயும் நிறுத்துவாருன்னு டிப்போக்காரங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து பழைய கண்டக்டர் எழுந்தே விட்டார். அவருக்கும் வயது எண்பதைத் தாண்டியாயிற்று. "நீர்த்தொட்டி ஸ்டாப்ல ஈ காக்கா இருக்காதும்மா. தினம் நிறுத்துவாரு. யாருக்காகய்யா நிறுத்துறேன்னு சண்டை போடுவேன். நாளைக்கு ஒருத்தர் வந்தா இங்க பஸ் நிக்கும்னு அவருக்குத் தெரியணும்லன்னு சொல்வாரு. அந்த நாளை மட்டும் வந்ததே இல்ல."

மண்டபம் திரும்பவும் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டு பேசினாள், ஏனென்றால் அப்பாவைப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. பதினேழு வயசுல தாத்தாகிட்ட சொன்னேன். காலையில என்னைப் பத்திச் சொல்லாதீங்கன்னு கேட்டேன். அப்பாகிட்ட சொல்ல வேணாம்னும் கேட்டேன். அவர் ரெண்டையும் காப்பாத்தினார். ஆனா என் இடத்துல நிக்காம ஒரு நாளும் போகல. அந்த இடத்துலதான் தண்ணி குடிச்சார். அவருக்குத் தாகம் இல்ல. அவர் என்னை விடவும் இல்ல. அம்மா, உங்ககிட்ட விடலம்மான்னு சொன்னாரே, அது உண்மை. இருபது வருஷம் என்னால கெட்ட பேர் வாங்கிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம இருந்தார். தாத்தாவோட நம்பிக்கையைப் பத்திச் சொல்லணும்னு அப்பா சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

பேனா நின்றிருந்தது. அவள் இறங்கி வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. மண்டபத்துப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அப்பா குறிப்பேட்டை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அறைக்குள் போய்விட்டார். கதவைச் சாத்தினாரே தவிர, அறையவில்லை. அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை.

"அம்மா" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. "அந்த மனுஷன் சாகுறதுக்கு முந்தின நாள்கூட ஒரு ஜோக் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உள்ள முழுங்கிக்கிட்டு நின்னேன்." கை நுரையோடு அப்படியே நின்றது. "நீயாவது சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கணும்மா. தப்பு என்னுது."

அம்மா அழுதாள். அவளும் அழுதாள். நம்பிக்கை இல்லாததைப் பற்றி அம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. அது என்ன ஜோக் என்று மகள் கேட்டாள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தை முன்னாலேயே சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்கும் அப்பா வெளியே வரவில்லை. பசியில்லை என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கே அவள் எழுந்துவிட்டாள். கீழே போவதா வேண்டாமா என்று யோசித்தாள். இனி நடிக்கத் தேவையில்லை, மாடியிலேயே இருந்துவிடலாம், யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷமாக அந்த மேஜையில் அவளை உட்கார வைத்தது வெறும் பயம் மட்டுமல்ல, அவளுக்கு அங்கே ஒரு இடம் இருந்தது. அது இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுவது என்று இறங்கினாள். தாத்தா பேத்திதானே, நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும்.

குட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அம்மா டீயை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முதல் நாற்காலியில் இருந்தார். ராத்திரி தூங்காத முகம், அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அப்பா கண்ணை மூடினார். முதலில் தன் அம்மாவைச் சொன்னார், அவருக்குப் பக்கத்தில் இப்போது அப்பாவையும் சேர்த்துக்கொண்டார். அடுத்து தன் இடம். இந்த ஐந்து நாளும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தார்.

"எனக்குச் சிரிப்பு குடுங்கன்னு எங்கப்பா ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டிருந்தார் ஆண்டவரே" என்றார். பழக்கமில்லாத குரல், தட்டுத் தடுமாறி வந்தது. "இன்னும் வந்து சேரல. எங்க நிக்குதுன்னு கொஞ்சம் பாருங்க."

குட்டி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா அம்மாவைச் சொன்னார், அத்தையைச் சொன்னார், பைக்கைச் சொன்னார்.

சட்டென்று நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றார் அம்மாவிடம்.

"டீ வச்சிருக்கேனே" என்றாள் அம்மா.

"தண்ணி குடும்மா."

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவசரமாகப் போய்க் கொண்டுவந்து வைத்தாள். மேஜையில் டம்ளர் பட்ட சத்தம் கேட்டது. அப்பா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் டம்ளரை எடுத்து, அவசரப்படாமல் ஒரு வாய் குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைக்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மணலைக் கொட்டினவர்" என்று தொடர்ந்தார்.